பதினோரு கொடிக்கயிறுகள்

மிதிக்கவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். என் மருமகள் குன்சேஸ் கொடிக்கயிறுகளை அறுத்தாள், பதினொன்றையும் அறுத்தாள், ஆட்டு மயிர் வெட்டுகிற கத்திரியால் அறுத்தாள். இதில் எதையும் இல்லை என்று நான் சொன்னதில்லை. ஆனால் மந்திரம் அச்சடித்த கொடிகளைக் காலில் போட்டு மிதித்தாள் என்று பக்கத்து வீட்டு யங்டோல் வாய்க்கால் கரையில் சொல்லிக்கொண்டு திரிகிறாளே, அது பொய். நேற்று என் முகத்துக்கு நேராகவே சொன்னாள்.

"அக்கா, ஊரே பாத்துச்சு. நீங்க ஒருத்திதான் பாக்கல."

"ஊரு எங்கடி பாத்துச்சு? ஊரு அன்னிக்கு உன் மருமக பிரசவத்துக்கு உன் வீட்டுல நின்னுச்சு. கொடிகிட்ட நின்னது நானும் அவளுந்தான்."

"தப்பு செய்யலேன்னா எதுக்கு ஊரை விட்டு ஓடணும்?"

"ஓடினாளா? டீ குடிச்சு, மூட்டை கட்டி, கதவைச் சாத்திட்டு நடந்து போனா. ஓடுறவ கதவைச் சாத்திட்டா போவா?"

"பைலட்டு பின்னாடி போனதா பேசிக்கிறாங்க."

"யாரு பேசிக்கிறா? நீதான் பேசிக்கிற. அந்த மேஜருக்கு மூணு பொண்ணு, தலையில ஒரு முடி கிடையாது. போறதுன்னா வேற நல்ல ஆளாப் பாத்துப் போயிருக்க மாட்டாளா?"

யங்டோலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே, "மாமியா தொல்லை தாங்காமப் போனான்னும் ஒரு பேச்சு இருக்கு, அக்கா" என்றாள்.

அதுதான் எனக்குச் சுட்டது. சரி, நடந்ததை நடந்த மாதிரியே சொல்லிவிடுகிறேன். யார் வேண்டுமானாலும் கேட்கட்டும்.

குன்சேஸ் ஆற்றுப்போக்கில் கீழே இருக்கிற ஊர்க்காரி. அவள் அப்பா கழுதைகள் வைத்துக் கணவாய்க்கு அந்தப் பக்கம் சுமை கொண்டுபோனவர். கழுதையின் இரண்டு பக்கமும் எடை சமமாக இல்லாவிட்டால் மலைப்பாதையில் கழுதை கவிழும். அதனால் அந்த வீட்டில் எல்லாருக்கும் கை தராசு மாதிரி. குன்சேஸ் ஒரு மூட்டையைத் தூக்கி இறக்கினால் போதும், இத்தனை கிலோ என்பாள். கடைக்காரர் தராசில் போட்டுப் பார்த்தால் அதேதான் இருக்கும். அதனாலேயே கடைக்காரருக்கு அவளைப் பிடிக்காது.

கல்யாணத்தன்று பெண் அழுதுகொண்டுதான் பிறந்த வீட்டை விட்டு வெளியே வரவேண்டும். அது வழக்கம். இவளும் அழுதாள். பாதி அழுகையில் நிறுத்தி, தன்னை ஏற்றவிருந்த கோவேறுகழுதையைக் காட்டி, "இதுக்கு இடது பின்னங்கால் நொண்டுது, வேற கொண்டாங்க" என்றாள். கொண்டு வந்தோம். ஏறி உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து அழுதாள். அன்றைக்கே யங்டோல் என் காதில் சொன்னாள்: "இவ உங்களையும் எடை போட்டுடுவா, அக்கா." போட்டாள்தான். நானும் போட்டேன். இரண்டு பேரும் ஒத்துப்போனோம்.

என் மகன் தர்கியாஸ் பட்டாளத்துக்குச் சுமை தூக்கினான். துப்பாக்கிக்காரன் இல்லை, சுமைக்காரன். எங்கள் பக்கத்து ஆண்பிள்ளைகள் பாதிப்பேர் அப்படித்தான். மேலே பனிமலையில் பட்டாளத்துப் பையன்கள் வருஷம் முழுக்க உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு மண்ணெண்ணெயும் மாவும் முதுகில் போகவேண்டும். முதுகு போக முடியாத இடத்துக்கு ஹெலிகாப்டர் போகும்.

ஹெலிகாப்டரில் எங்களுக்குத் தெரிந்தது இரண்டு. பெரியது ஒன்று, அது வந்தால் அடுக்கில் பாத்திரம் ஆடும். சின்னதுக்குச் சீட்டா என்று பேர். முன்னால் ஒரு கண்ணாடிக் குடம், அதற்குள் இரண்டு தலைகள். பின்னால் தோலே கிடையாது, வெறும் இரும்பு ஏணியைப் படுக்கப்போட்டு நீட்டிவிட்டது போல இருக்கும். பார்த்தால் காசில்லாமல் பாதியில் நிறுத்திய வீடு. சக்கரம்கூட இல்லை, சறுக்குச் சட்டம்தான். ஆனால் பெரியது மூச்சு வாங்கித் திரும்பிவிடுகிற உயரத்துக்கு இந்தச் சின்னதுதான் போகும். கடுதாசி கொண்டுபோகும். மேலிருந்து மண்ணெண்ணெய் டின்னை உருட்டிவிடும். எல்லைக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று அதிகாரிகளைத் தூக்கிப்போய்க் காட்டும். காணாமல் போனவனைத் தேடும். தேர்தல் வந்தால் ஓட்டுப்பெட்டியை மடியில் கட்டிக்கொண்டு ஒரு வாத்தியார் அதிலிருந்து இறங்கி, முதல் வேலையாக ஓரமாகப் போய் வாந்தி எடுப்பார். அதற்கென்றே எங்கள் ஊரில், வெள்ளை ஸ்தூபிக்கும் பெரிய பாறைக்கும் நடுவில், கல்லுக்குச் சுண்ணாம்பு அடித்து ஓர் இறங்குகளம் போட்டிருந்தார்கள்.

கல்யாணமாகி நாலாவது வருஷம் தர்கியாஸுக்கு மேலே பனியில் நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது. சீட்டாதான் அவனைக் கொண்டுவந்தது. குணமாகி வீட்டுக்கு வந்து, அடுப்பருகே உட்கார்ந்து அவனே சொன்னான்.

"அது இறங்கவே இல்லைம்மா. இறங்க இடமில்லை. ஒரு சட்டத்தை மட்டும் பனியில வச்சுக்கிட்டு, சுத்திக்கிட்டே நின்னுது. என்னை மாவு மூட்டை மாதிரி உள்ள தள்ளினாங்க."

"எத்தனை கிலோ இருந்திருப்பீங்க?" என்றாள் குன்சேஸ்.

"சாகப்போறவன எடை கேக்குற ஒரே பொண்டாட்டி நீதாண்டி."

"அப்படியில்ல. எத்தனை தாங்கும் அதுன்னு தெரிஞ்சுக்கக் கேக்குறேன்."

"கதவைக் கழட்டிட்டாங்க, பின்னாடி இருக்கையைக் கழட்டிட்டாங்க. அப்படியும் ஒரு ஆள்தான். அந்த உயரத்துல காத்துக்குத் தெம்பில்ல."

மகன் உயிரோடு திரும்பிய வீடு சும்மா இருக்குமா? குன்சேஸ் இரண்டு நாள் நடந்து மடத்துக்குப் போனாள். ஐந்து நிறத்தில் பதினோரு கயிறு கொடிகள் வாங்கி, லாமாவிடம் ஓதிவாங்கி, முதுகுக்கூடையில் கொண்டுவந்தாள். அந்தக் கொடிகளை நாங்கள் காற்றுக்குதிரை என்போம். காற்று அதில் பட்டால் மந்திரம் ஏறிக்கொண்டு ஊர்மேல் போகும். எங்கே கட்டுவது? யோசிக்கவே இல்லை. எங்கள் பிள்ளைகளை யார் காப்பாற்றுகிறார்களோ அவர்கள் வந்து இறங்குகிற இடத்துக்குத்தானே ஆசி வேண்டும்? ஸ்தூபியிலிருந்து பாறைக்கு, இறங்குகளத்தின் குறுக்கே, பதினோரு கயிறும் கட்டினோம். ஊரே வந்தது. நான்தான் பார்லிக் கள் ஊற்றினேன். யங்டோல் மூன்று கிண்ணம் குடித்துவிட்டுப் பாட்டுப் பாடினாள். அன்றைக்கு ஒருத்தருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

அடுத்த தை மாதம் தர்கியாஸ் வீட்டில் இருந்தபோது வயிற்றுவலி வந்தது. இரண்டாம் நாள் வயிறு பலகை மாதிரி ஆகிவிட்டது. கணவாய் மூடிக்கிடந்தது. பட்டாளத்தின் கீழ்ச்சாவடியில் இருந்த வயர்லெஸ்ஸுக்கு ஆள் ஓடினான். மறுநாள் காலை சத்தம் கேட்டது. அவனைப் போர்வையில் கட்டித் தூக்கிக்கொண்டு நின்றோம்.

சீட்டா வந்தது. ஒரு சுற்றுச் சுற்றியது. தாழ வந்தது, மேலே போனது. இன்னொரு சுற்று. கண்ணாடிக்குள் இருந்தவன் கையை ஆட்டி ஆட்டி என்னவோ காட்டினான். நாங்களும் கையை ஆட்டினோம். வா வா என்றோம். மூன்றாவது சுற்றில் அது ஆற்றுப் பக்கம் போய்ப் பார்த்தது. அங்கே இடுப்பளவு புதுப்பனி. போய்விட்டது. நாலு பேர் தோளில் என் மகனை உறைந்த ஆற்றின்மேல் கொண்டுபோனோம். பாதி வழிவரை உயிரோடு இருந்தான்.

ஊரில் ஆளுக்கொன்று பேசினார்கள். பைலட் பயந்துவிட்டான் என்றார் ஒருவர். விதி என்றார் ஊர்த்தலைவர் இஷே. நானும் விதி என்றேன். வேறென்ன சொல்ல? குன்சேஸ் மட்டும் மனதுக்குள் அந்த மூன்று சுற்றுகளையும் திரும்பத் திரும்பச் சுற்றிக்கொண்டிருந்தாள் என்று எனக்கு அப்புறம்தான் புரிந்தது.

பனி உருகினதும் ஒரு சீட்டா ஆற்றுப்படுகை மணலில் இறங்கியது. கடுதாசி கொண்டுவந்திருந்தது. குன்சேஸ் மாவு பிசைந்த கையோடு ஓடினாள். நானும் பின்னால் போனேன். வழுக்கைத் தலை மேஜர் ஒருத்தர் நின்றுகொண்டிருந்தார், மேஜர் பந்த் என்று பேர். இவளுக்குச் சந்தை ஹிந்திதான் தெரியும். அதிலேயே கேட்டாள்.

"தை மாசம் வந்தது நீங்களா?"

அவர் முகம் மாறியது. "ஆமாக்கா. நான்தான்."

"ஏன் இறங்கல?"

அவர் குனிந்து ஒரு நூலை எடுத்தார். கடுதாசிக்கட்டு கட்டின நூல். விரலை நீட்டிச் சுற்றிக் காட்டினார். "மேல சுத்துறது கீழ இருக்கிற காத்தை எல்லாம் வாரி இழுக்கும், அக்கா. கொடி, துணி, கயிறு, எதுவா இருந்தாலும் தூக்கிட்டுப் போய்ச் சுத்திக்கும். சுத்திக்கிட்டா அவ்வளவுதான். நாங்க ரெண்டு பேரு, கீழ நிக்கிற நீங்க அத்தனை பேரு. கயிறை எடுங்க, எடுங்கன்னு கையைக் காட்டினேன். நீங்க திருப்பிக் கையாட்டினீங்க." நூலைச் சுருட்டிக்கொண்டே, "நான் அந்தக் காலையை மறக்கல" என்றார்.

இவள் நின்றாள். கையில் ஒட்டின மாவு காய்ந்து உதிர்கிறவரை நின்றாள். திரும்பி வந்து என்னிடம், "அம்மா, நான் கட்டின கயிறுதான்" என்றாள்.

நான் அவளோடு ஒன்பது நாள் பேசவில்லை. யங்டோல் சொல்கிற மாமியார் தொல்லை இதுதானென்றால் அது உண்மை, மறைக்கமாட்டேன். அவள் டீ வைத்தாள், நான் குடித்தேன், பேசவில்லை. பத்தாம் நாள் காலை அவள் தலையில் துணி கட்டிக்கொண்டு எங்கோ கிளம்பினாள். "எங்க?" என்று கேட்டுவிட்டேன். "மடத்துக்கு. கொடியை இடம் மாத்தலாமான்னு கேக்கப் போறேன். இன்னொருத்தி மகன் சாகக் கூடாது" என்றாள். அதற்கப்புறம் நான் எப்படிப் பேசாமல் இருப்பது? வழிக்கு ரொட்டி கட்டிக் கொடுத்தேன்.

கட்டின கொடியைக் கையால் எடுப்பதில்லை. காற்றிலேயே நைந்து, நூல்நூலாகப் போகவேண்டும். அது பெரியவர்கள் வழக்கம். லாமா கேட்டுவிட்டு, காற்று நன்றாக அடிக்கிற இடத்தில் கொடி இருப்பதுதான் முறை, ஊர் சேர்ந்து நாள் பார்த்து மாற்றிக் கட்டுங்கள் என்றாராம். இவள் வந்து ஊர்க்கூட்டத்தில் சொன்னாள். நாள் பார்க்கலாம் என்றார் இஷே. விதைப்பு வந்தது. விதைப்பு முடியட்டும் என்றார். அறுப்பு வந்தது. அறுப்பு முடியட்டும் என்றார். இவள் மறுபடி போய்க் கேட்டபோது, "உன் புருஷன் செத்ததுக்குக் கொடிமேல பழி போடுறியா?" என்றார். அப்புறம் பனி விழுந்துவிட்டது.

அந்தக் குளிர்காலம் முழுக்க அவள் வீடுவீடாகப் போய் டீச்சக்கை கேட்டாள். கொதிக்கவைத்துப் பிழிந்த சக்கையை மாட்டுக்குத்தான் போடுவோம். இவள் வாங்கிக் காயவைத்துச் சாக்கில் கட்டினாள். என்னத்துக்கடி என்றால், "வெள்ளைப்பனியில வெள்ளைக்கல்லு எப்படித் தெரியும்? கறுப்பா ஏதாவது வேணும்" என்பாள். கத்திரியையும் தீட்டிவைத்தாள். அதை நான் பார்த்தேன்.

மாசி மாதம் யங்டோலின் மருமகள் சுஸ்கித்துக்கு வலி எடுத்தது. ஒரு பகல், ஓர் இரவு. குழந்தை குறுக்கே கிடந்தது, ஒரு கை மட்டும் வெளியே வந்தது. கீழ்ச்சாவடிக்கு முந்தின நாளே ஆள் போயிருந்தான். விடிந்ததும் சீட்டா வரும் என்று தகவல் வந்தது. காலையில்தான் அது வரும். மதியத்துக்குமேல் பள்ளத்தாக்கில் காற்று எழுந்துவிடும்.

விடிகிற நேரம் குன்சேஸ் கத்திரியை எடுத்தாள். நான் அவள் பின்னால் போனேன். ஸ்தூபி முன் நின்று மூன்று தரம் விழுந்து கும்பிட்டாள். அப்புறம் அறுத்தாள். கயிறு உறைந்து கம்பி மாதிரி இருந்தது. ஒவ்வொன்றும் அறுந்து விழுவதற்குமுன் ஒரு நுனியை நான் பிடித்துக்கொண்டேன். தரையில் படவிடவில்லை. கேட்டுக்கொள் யங்டோல், பிடித்தது நான். சுற்றிச் சுற்றி அவள் கூடையில் வைத்தோம். பதினொன்றும் கூடைக்குள் போனபிறகு கூடையைத் தலைக்குமேல் தூக்கி, ஸ்தூபியின் படியில் வைத்தாள்.

அதற்குப் பிறகுதான் மிதித்தாள். பனியை மிதித்தாள். பொடிப்பனி இருந்தால் ஹெலிகாப்டர் தாழும்போது வெள்ளைப் புகையாக எழுந்து பைலட்டின் கண்ணை மறைத்துவிடும் என்று தர்கியாஸ் சொல்லியிருந்தான். களம் முழுக்க இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு, தோள் அகலத்துக்கு ஒரு வரிசையாக, குதித்துக் குதித்து மிதித்தாள். நானும் மிதித்தேன். யாரோ கூரைமேல் விறகு எடுக்க வந்தவர்கள் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறார்கள்: கொடி இல்லை, குன்சேஸ் மிதிக்கிறாள். அவ்வளவுதான் அவர்கள் கண்டது. இறுகின பனிமேல் டீச்சக்கையைத் தூவி வட்டம் போட்டோம்.

சீட்டா வந்தது. ஒரே சுற்று. வட்டத்தின் நடுவில் இறங்கியது. சுஸ்கித்தைப் பலகையில் கட்டிக் கொண்டுவந்தார்கள். மேஜர்தான். மேலே மண்ணெண்ணெய் போட்டுவிட்டு நேரே வந்திருந்தார், அதனால் பின்னால் இருக்கை கிடையாது. சத்தத்துக்குமேல் கத்தினார்.

"எத்தனை கிலோ இருப்பாங்க?"

குன்சேஸ் பலகையின் ஒரு முனையைத் தூக்கி இறக்கினாள். "பலகையைச் சேக்காம அம்பத்தேழு! பிள்ளையோட!"

"கூட ஒருத்தர் வரலாம். ஐம்பதுக்குள்ள இருக்கணும்!"

யங்டோலின் மகன் நான் நான் என்று முன்னால் வந்தான். அவன் பார்க்கவே எண்பது. குன்சேஸ் அவனைத் தள்ளிவிட்டு, யங்டோலின் இடுப்பைப் பிடித்து அப்படியே தூக்கினாள். யங்டோல் "ஐயோ, விடுடி!" என்று உதைத்தாள்.

"அம்பத்திரண்டு. பூட்ஸைக் கழட்டுங்க. இடுப்புச் சாவிக்கொத்தைக் கழட்டுங்க."

"சாவியையா? பண்டசாலைச் சாவிடி!"

"பண்டசாலையா பேரனா, சீக்கிரம் சொல்லுங்க!"

சாவி என் கைக்கு வந்தது. அந்தக் கொத்து மட்டுமே ஒரு கிலோ இருக்கும். யங்டோலை வெறும் காலுறையோடு உள்ளே தள்ளி, சுஸ்கித்தின் தலையை மடியில் வைத்தோம். போய்ச்சேரும்வரை யங்டோல் கண்ணைத் திறக்கவில்லையாம். அந்தப் பேரன்தான் இப்போது என் வீட்டுச் சுவரைப் பிடித்து நடந்து, விழுந்துகிடக்கிற வாதுமைப்பழத்தைப் பொறுக்கித் தின்கிறான்.

அன்று மத்தியானமே குன்சேஸ் கொடிக்கூடையை முதுகில் போட்டுக்கொண்டு ஊருக்குப் பின்னாலிருக்கிற முகட்டுக்கு ஏறினாள். பதினோரு கயிற்றையும் முடிபோட்டு அங்கே கட்டினாள். ஊர் முழுவதிலும் காற்று அடங்காத இடம் அது.

அந்தக் கோடையில் பனிமலை நீர் நாற்பது நாள் தாமதமாக வந்தது. பார்லி முழங்கால் உயரத்தில் நின்றுவிட்டது. யங்டோல் வயல் வாய்க்காலின் கடைசியில் இருக்கிறது; அவளுக்கு ஒன்றுமே விளையவில்லை. கொடியை அறுத்ததால்தான் என்று யாரோ சொன்னார்கள். அறுத்தாள் என்பது மிதித்தாள் என்று ஆயிற்று. கூட்டம் போட்டார்கள். எங்கள் வீட்டோடு நெருப்பு, தண்ணீர், சாவு, கல்யாணம் எதுவும் வேண்டாம் என்று முடிவு. இஷே வந்து அடுப்பருகே உட்கார்ந்தார். டீயைக்கூடத் தொடவில்லை.

"குன்சேஸ், ஒரு குடம் கள்ளு, ஒரு வெள்ளைத்துண்டு. சபையில வந்து தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லு. கொடியை அதே இடத்துல கட்டு. முடிஞ்சுது."

"கள்ளு தரேன், மாமா. துண்டும் தரேன். அங்க கட்டமாட்டேன்."

"தப்புன்னாவது சொல்லு."

"தப்பு செஞ்சேன். அங்க கட்டினதுதான் தப்பு. அதுக்கு என் புருஷனக் குடுத்துட்டேன்."

"நீ கட்டலேன்னா ஊரு புதுக்கொடி வாங்கிக் கட்டும்."

"கட்டட்டும். மறுபடி அறுப்பேன். கத்திரி தீட்டித்தான் இருக்கு."

இஷே என்னைப் பார்த்தார். "நீங்களாவது புத்தி சொல்லக் கூடாதா, அண்ணி?"

"சொன்னேனே" என்றேன். "தீட்டினது போதாது, இன்னும் கொஞ்சம் தீட்டுன்னு சொன்னேன்."

அவர் எழுந்து போய்விட்டார். அன்றிலிருந்து அவள் தக்ளியை எடுத்துக்கொண்டு இறங்குகளத்து ஓரம் உட்கார்ந்து கம்பளி நூற்றாள். வேலை முடிந்த நேரமெல்லாம் அங்கேதான். மடத்திலிருந்து புதுக்கொடி வாங்கிவந்தவர்கள் இரண்டு தரம் வந்தார்கள். அவள் எழுந்திருக்கவில்லை, கத்திரியை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். திரும்பிப் போனார்கள்.

அறுப்பு முடிந்ததும் மேஜர் ஒரு காகிதத்தோடு வந்தார். ஊர்க்கூட்டம் கூடியது. எங்களையும் கூப்பிட்டார்கள், பட்டாளத்துக்காரர் முன்னால் வேண்டாம் என்று சொல்ல முடியாதே. பள்ளத்தாக்கில் ஒன்பது ஊரில் இறங்குகளம் இருக்கிறது, நாலில் கயிறும் கம்பியும் குறுக்கே இருக்கின்றன, யாராவது பொறுப்பாகப் பார்த்துக்கொள்ளாவிட்டால் பட்டியலிலிருந்து அடிக்கவேண்டியிருக்கும் என்றார். ஒன்பது ஊருக்கும் நடந்து, குளிர்காலம் முழுக்கப் பார்த்துக்கொள்ள இந்தப் பக்கத்து ஆள் ஒருத்தர் வேண்டும். இஷே தன் தங்கை மகனைச் சொன்னார்.

"அவருக்குப் பனி மிதிக்கத் தெரியுமா?" என்றார் மேஜர்.

தங்கை மகன் சிரித்தான்.

"போன மாசியில இங்க கயிறை அறுத்தது யாரு?"

ஊர் மொத்தமும் குன்சேஸ் பக்கம் கையை நீட்டியது. பழியைக் காட்டுகிறோம் என்றுதான் நீட்டினார்கள்.

"அப்ப இவங்கதான்" என்றார் மேஜர். முகட்டைக் காட்டி, "அங்க கொடியை மாத்தினதும் நீங்கதானா, அக்கா? பள்ளத்தாக்குத் திரும்பும்போதே அதைத்தான் பாக்குறோம். காத்து எந்தப் பக்கம்னு அதுதான் எங்களுக்குச் சொல்லுது" என்றார்.

"பொம்பளைய எப்படி அனுப்புறது? யாரு வீட்டுல தங்குவா?" என்று யங்டோல் பின்னாலிருந்து கத்தினாள்.

"உன்னைத் தூக்கின பொம்பளைதாண்டி" என்றேன் நான். பலர் சிரித்துவிட்டார்கள்.

ஆனால் வீட்டுக்கு வந்ததும் குன்சேஸ் அடுப்பைக்கூட மூட்டாமல் உட்கார்ந்துவிட்டாள். எனக்குப் புரிந்தது. அவள் எட்டு ஊருக்குப் போனால் இங்கே அன்றைக்கே கட்டிவிடுவார்கள். ஒன்றைக் காக்க எட்டை விடுவதா, எட்டைக் காக்க இதை விடுவதா? புருஷனைக் காப்பாற்ற முடியாமல் போன இடம் இது.

"நூல் எனக்கும் நூற்கத் தெரியும்" என்றேன்.

"குளிர்ல உங்க முட்டி தாங்காதும்மா."

"முட்டி என்னுது. நீ உன் வேலையைப் பாரு."

கார்த்திகை மாதம் மூன்றாம் நாள் கிளம்பினாள். சூப்புக் குடித்தோம், டீ குடித்தோம். சைகை காட்டச் சிவப்புத் துணி, தீப்பெட்டி, மாவு, மாற்றுக் காலுறை. இடுப்புக் கச்சையை நான்தான் கட்டிவிட்டேன், காற்று புகாமல் இறுக்கி. கதவைத் திறந்தபோது படியில் மூன்று சாக்குகள் இருந்தன. காயவைத்த டீச்சக்கை. ஒரு சாக்கின் வாயைக் கட்டியிருந்த கச்சைநுனி சுஸ்கித்துடையது, எனக்குத் தெரியும். மற்ற இரண்டும் யாருடையவை என்று இன்றுவரை தெரியாது. குன்சேஸ் ஒன்றைத் தூக்கி இறக்கினாள். "பதினாலு" என்றாள். மூன்றையும் கூடையில் ஏற்றினோம்.

கத்திரியை நீட்டினேன். அவள் வாங்கவில்லை. திருப்பி என் மடியில் செருகினாள்.

"அங்க எல்லாம் கத்திரி கேட்டு வாங்கிக்கிறேன். இது இங்க வேணும்மா" என்றாள்.

கூரைகளில் பெண்கள் நின்று பார்த்தார்கள். யங்டோலும் நின்றாள். குன்சேஸ் அழவில்லை, இந்த வாசலைத் தாண்டும்போது அழவேண்டும் என்று வழக்கம் எதுவும் இல்லை. முகட்டுக் கொடிகளை நிமிர்ந்து பார்த்தாள். காற்று மேற்கிலிருந்து வந்துகொண்டிருந்தது. துணியை மூக்குவரை இழுத்துக்கொண்டு வெளியே கால் வைத்தாள். கதவை அவளே சாத்தினாள்.